ஃபோர்ஹேண்டில் தலை தூக்குகிறது: அடிக்கும் நொடியில் அசையாமல் வைப்பது எப்படி?

செமிவெஸ்டர்ன் (கேள்வி)

டென்னிஸில் வலது கை ஆட்டம். ஃபோர்ஹேண்டுக்கு (வலப்பக்கப் பந்துக்கு) செமிவெஸ்டர்ன் கிரிப், அதாவது ராக்கெட்டைப் பிடிக்கும் ஒரு முறை; இடப்பக்கப் பந்துக்கு ஒற்றைக் கை பேக்ஹேண்ட். ராக்கெட் முகம் 100 சதுர அங்குலம், எடை 300 கிராம், ஸ்ட்ரிங் இறுக்கம் 52 பவுண்டு. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஹார்டு கோர்ட்டில்.

பிரச்சினை ராலியில்தான், அதாவது இருவரும் மாறி மாறி அடிக்கும்போது. கையிலிருந்து பந்தைக் கீழே விட்டு நானே அடித்தால் பத்துக்கு ஒன்பது சுத்தமாக விழுகிறது. ராலி ஆரம்பித்ததும் பத்தில் மூன்று நான்கு பந்து ஃப்ரேமில் (ராக்கெட்டின் சட்டத்தில்) படுகிறது, அதுவும் கீழ்ப்பக்க ஃப்ரேமில். அது நெட்டில் போய் விழுகிறது, இல்லையென்றால் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போய் "சாரி" சொல்லி வாங்க வேண்டியிருக்கிறது. லைனை ஒட்டி நேராக அடிக்க நினைத்த பந்து நடுக்கோர்ட்டுக்கு வந்து எதிராளியின் கைக்கே போய்ச் சேருகிறது.

போனில் வீடியோ எடுத்துப் பார்த்ததில், பந்து ராக்கெட்டுக்கு வருவதற்கு முன்பே என் முகம் நெட் பக்கம் திரும்பியிருப்பது போலத் தெரிகிறது. மார்க்கர் (கோர்ட்டில் பந்து போட்டுப் பயிற்சி கொடுப்பவர்) பந்துக்குப் பந்து "பந்தைப் பாருங்க சார்" என்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வலுக்கட்டாயமாகத் தலையைப் பிடித்து வைத்தால் உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறது, பந்து சர்வீஸ் லைனை (நெட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் இருக்கும் கோட்டை) தாண்ட மாட்டேன் என்கிறது.

தலையை அசைக்காமல் வைப்பதற்கு என்று தனியாகப் பயிற்சி உண்டா? எவ்வளவு நேரம் அசையாமல் வைக்க வேண்டும்? பேக்ஹேண்டுக்கும் இதே கணக்குத்தானா?


டிராப் ஷாட்

எளிய வழி ஒன்று. பந்து தரையில் படும்போது "தரை" என்றும், ராக்கெட்டில் படும்போது "அடி" என்றும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். இரண்டு சொல்லும் அந்தந்த நொடிக்குச் சரியாக வர வேண்டும். "அடி" என்பது சத்தத்துக்கு முந்தி வந்தால் மனசு ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். பிந்தி வந்தால் பந்தை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்கிறீர்கள். ஐந்து நிமிடம் போதும். வாய் திறந்து மூச்சு வெளியே போவதால் கழுத்து இறுக்கமும் கொஞ்சம் குறையும்.

மற்றபடி ஸ்ட்ரிங்கில் பந்து படுவதைக் கண்ணால் பார்க்கும் வரை தலையை எடுக்காதீர்கள், அவ்வளவுதான் விஷயம்.


பேஸ்லைன் வாசி

மேலே சொன்ன தரை–அடி பயிற்சி நல்லது, செய்யுங்கள். ஆனால் "ஸ்ட்ரிங்கில் படுவதைப் பார்க்கும் வரை" என்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதை யாராலும் பார்க்க முடியாது. பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பது ஒரு வினாடியின் 1000 பாகத்தில் 4 அல்லது 5 பாகம். அதற்கு முன்பே கண் தோற்றுவிடுகிறது. ராலிப் பந்து தரையில் பட்டு எழும்பி உங்களிடம் வரும்போது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள், வினாடிக்கு 14 மீட்டர். அது உங்கள் பக்கவாட்டில் கடந்து போகிறது. எட்டத்தில் இருக்கும் வரை கண் அதன் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். கடைசி இரண்டு, இரண்டரை மீட்டரில் கோணம் மாறும் வேகம் கண்ணின் சக்திக்கு மேலே போய்விடும். அந்த இடத்தில் கண் பந்தை விட்டுவிட்டு, அது வந்து சேரப்போகும் இடத்துக்குத் தாவிவிடுகிறது. இது நல்ல ஆட்டக்காரருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அந்தக் கடைசித் தூரத்தைப் பந்து கடக்க ஆகும் நேரம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எதையாவது பார்த்து ராக்கெட்டைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை.

அப்படியானால் தலை ஏன் நிற்க வேண்டும்? பார்ப்பதற்காக இல்லை, தோளுக்காக.

தலை கிட்டத்தட்ட 5 கிலோ எடை. முதுகெலும்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. தாடை நெட் பக்கம் வெட்டென்று திரும்பினால் இடது தோளும் கூடவே இழுத்துக்கொண்டு திறக்கும். தாடை மேலே போனால் முதுகு நிமிரும், வலது தோள் எழும்பும், அதன் நுனியில் இருக்கும் ராக்கெட்டும் எழும்பும். உங்கள் இரண்டு தொல்லையும் இங்கேயே இருக்கிறது. ராக்கெட் பந்துக்கு மேலே போய்விடுவதால் பந்து கீழ்ப்பக்க ஃப்ரேமில் படுகிறது. ஸ்ட்ரிங்கின் கீழ்ப்பாதியில் பட்டாலும்கூட ராக்கெட் முகம் கையில் சுழன்று கவிழ்ந்துகொள்ளும், அதனால்தான் நெட். தோள் முந்தித் திறந்துவிடுவதால் ராக்கெட் பந்தின் குறுக்கே இடப்பக்கம் இழுபடுகிறது, அதனால்தான் நேர்க்கோட்டுப் பந்து நடுவுக்கு வருகிறது. பந்தின் திசை ஒரே ஒரு டிகிரி மாறினாலே 23.77 மீட்டர் தள்ளி இருக்கும் எதிர் பேஸ்லைனில் (கோர்ட்டின் கடைசிக் கோட்டில்) 40 சென்டிமீட்டர் விலகும். ஐந்து டிகிரி என்றால் இரண்டு மீட்டர்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 100 சதுர அங்குல ராக்கெட்டின் அகலம் சுமார் 26 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு 6.7 சென்டிமீட்டர் சொச்சம். ஸ்ட்ரிங்கின் நடுவிலிருந்து மேலேயோ கீழேயோ 9 சென்டிமீட்டர் தவறினால் ஃப்ரேம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், 30 டிகிரி ஏற்றத்தில் வீசும் டாப்ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழல வைக்கும்) ஃபோர்ஹேண்டில் ராக்கெட் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில் 9, 10 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். அதாவது நூறில் ஒரு பங்கு வினாடி முந்தினால் போதும், ஃப்ரேம். இவ்வளவு குறுகலான சந்துக்குள் ராக்கெட்டை நுழைக்கும்போது அதன் அச்சே ஆடினால் என்ன ஆகும்? கையால் விட்டு அடிக்கும் பந்தில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே ராக்கெட் மெதுவாக வருகிறது, எதிராளியும் இல்லை. ராலியில் "எங்கே போனான், எங்கே விழுந்தது" என்ற ஆவல்தான் தாடையைத் தூக்குகிறது.

தலையைப் பிடித்து வைத்தால் உடம்பு மரக்கட்டை ஆகிறது என்றீர்களே, அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். தலை நிற்க வேண்டும், தோள் நிற்கக் கூடாது. தலைக்குக் கீழே தோள்கள் சுழன்று போக வேண்டும். ராக்கெட்டைப் பின்னால் எடுத்த நிலையில் உங்கள் தாடை இடது தோளுக்கு மேலே இருக்கும். அடித்து முடித்ததும் அதே தாடை, இருந்த இடத்திலேயே, வலது தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தாடை தோளைத் தேடிப் போகக் கூடாது. தோள்தான் தாடைக்கு வர வேண்டும். வலது தோள் தாடையில் வந்து இடித்தால் தலையும் நின்றது, உடம்பும் முழுசாகச் சுழன்றது. இடிக்கவில்லையென்றால் இரண்டில் ஒன்று குறை. நீங்கள் தலையோடு சேர்த்துத் தோளையும் பூட்டிவிடுகிறீர்கள், பந்து குட்டையாக விழுவது அதனால்தான்.

எவ்வளவு நேரம்? பந்து தரையில் பட்டு எழும்பியதிலிருந்து, வலது தோள் தாடைக்கு வந்து சேரும் வரை. அடித்த பிறகு கால் வினாடி என்று வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி. முதலில் பந்தே வேண்டாம். கோர்ட்டின் கம்பி வேலியில் இடுப்பு உயரத்தில் ஒரு வெள்ளை டேப் துண்டு ஒட்டுங்கள். பந்தை எங்கே சந்திப்பீர்களோ அதே திசையில், முன்காலுக்கு ஓரடி முன்னால் அது தெரிகிற மாதிரி, வேலியிலிருந்து ராக்கெட் படாத தூரத்தில் நில்லுங்கள். டேப்பைப் பார்த்தபடி பாதி வேகத்தில் 20 தடவை வீசுங்கள். ஒவ்வொன்றிலும் வலது தோள் தாடையைத் தொட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பிறகு மார்க்கரை மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, கையால் 20 பந்து போடச் சொல்லுங்கள். அடித்தபின் கண் அடித்த இடத்திலேயே இருக்கட்டும், பந்து எதிர்ப்பக்கத் தரையில் விழும் சத்தம் காதில் கேட்கும் வரை. ஆட்டத்தில் இவ்வளவு நேரம் தேவையில்லை. பழக்கத்துக்காக வேண்டுமென்றே மிகைப்படுத்துகிறோம். பந்து எங்கே விழுந்தது என்று மார்க்கர் கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. "உள்ளேதான் சார், ஆழமா விழுந்துது" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அந்தப் பந்து கணக்கில் இல்லை.

அப்புறம் இரண்டு பேரும் சர்வீஸ் லைனில் நின்று மெதுவாக ஐந்து நிமிட ராலி. அதிலும் தலை நின்றால்தான் பேஸ்லைனுக்குப் போக வேண்டும், அதுவும் முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். நேரே பேஸ்லைனுக்குப் போய் ஆரம்பித்தால் பழைய கழுத்து பத்தாவது பந்தில் திரும்பி வந்துவிடும்.


ஸ்லோமோ 240

வீடியோ எடுத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வேகத்தில் எடுத்தீர்கள்? சாதாரண வீடியோ வினாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 தனித்தனிப் படம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி வினாடி. பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பதோ 5. பெரும்பாலான ஷாட்டில் அடிபட்ட நொடி வீடியோவிலேயே இருக்காது. முந்தைய ஃப்ரேமில் தலை சரியாக இருக்கும், அடுத்த ஃப்ரேமில் திரும்பியிருக்கும். எப்போது திரும்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. "முன்பே திரும்பியிருக்கிறது" என்று நீங்கள் நினைப்பது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம்.

போனில் ஸ்லோமோஷனில் 240 ஃப்ரேம் வைத்து எடுங்கள். ஒரு ஃப்ரேம் 4 மில்லி வினாடி சொச்சம். அடிபடும் நொடி ஒரு ஃப்ரேமிலாவது சிக்கும். வெளிச்சம் நிறைய வேண்டும், எனவே வெயில் வந்த பிறகு எடுங்கள். இரவு விளக்கில் எடுத்தால் படம் இருட்டாகவும் விட்டுவிட்டு மின்னுவதாகவும் வரும்.

போனை வைக்கும் இடம் முக்கியம். பேஸ்லைனை வலப்பக்கமாக நீட்டினால் எங்கே போகுமோ அங்கே, உங்களிடமிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, மார்பு உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் சாய்த்துத் தரையில் வைத்தால் கீழிருந்து மேலே பார்க்கும் படம் வரும், தலை எழும்புவதும் குனிவதும் அளவு தப்பாகத் தெரியும். பக்கத்து நாற்காலியின் மேல் பையை வைத்து அதன் மேல் வைக்கலாம்.

உங்களுக்குப் பின்னால் எதிர்ப்பக்கத்துக் கம்பி வேலி படத்தில் தெரியும் இல்லையா, அதன் டைமண்ட் கட்டங்கள்தான் உங்கள் கிராஃப் தாள். தொப்பி போட்டுக்கொண்டு ஆடுங்கள். அடிபடும் ஃப்ரேமில் நிறுத்தி, தொப்பியின் முன்விளிம்பு நுனி எந்தக் கட்டத்தின் மேல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 24 ஃப்ரேம் பின்னால் போங்கள், 24 ஃப்ரேம் முன்னால் போங்கள். இரண்டு பக்கமும் பத்தில் ஒரு பங்கு வினாடி. விளிம்பு நுனி ஒரே கட்டத்திலோ அதை ஒட்டியோ இருந்தால் நல்ல நிலை. அடிபடுவதற்கு முந்தைய 24 ஃப்ரேமுக்குள் விளிம்பு மேலே போக ஆரம்பித்திருந்தால் அதுதான் நோய். அடிபட்ட பிறகு உடம்போடு சேர்ந்து தலையும் கொஞ்சம் மேலே எழும்பினால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கால் தரையை உதைத்துத் தள்ளுகிறது, எழும்பத்தான் செய்யும். தொப்பியின் விளிம்பு சாய்கிறதா, திரும்பிவிடுகிறதா என்பதையே பாருங்கள்.

நன்றாக விழுந்த பத்துப் பந்து, ராக்கெட் ஃப்ரேமில் பட்ட பத்துப் பந்து என்று இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் தலை ஒரே மாதிரி திரும்பியிருந்தால் உங்கள் வியாதி தலையில் இல்லை.


பேஸ்லைன் வாசி

கடைசியில் சொன்னது மிக முக்கியம். தலை தூக்குவது பல நேரம் காய்ச்சல் மாதிரி, நோய் வேறு இடத்தில் இருக்கும். மூன்று இடத்தைப் பார்ப்பேன்.

முதலில் தூரம். பந்து உடம்புக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டால் கைக்கு இடம் இருக்காது. முழங்கை மடங்கும். இடம் பண்ணிக்கொள்ள உடம்பு பின்னால் சாயும், தாடை தானாக மேலே போகும். எவ்வளவு சொன்னாலும் இங்கே தலை நிற்காது. பந்து தரையில் படுவதற்குள் சின்னச் சின்ன அடியாக நான்கைந்து வைத்து தூரத்தைச் சரிசெய்ய வேண்டும். பெரிய இரண்டு எட்டில் போய் நின்றுகொள்பவருக்குத்தான் இந்தப் பிரச்சினை. தாமதமாக, இடுப்புக்கு நேராகவோ பின்னாலோ பந்தைச் சந்தித்தாலும் இதேதான். செமிவெஸ்டர்னில் முன்காலுக்கு ஓரடியாவது முன்னால் சந்திக்க வேண்டும்.

இரண்டாவது முழங்கால். தாழ்வாக வரும் பந்துக்கு இடுப்பை வளைத்துக் குனிந்தால் தலை முன்னால் கவிழும், இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்காது. அப்படிக் குனிந்தவர் வீசும்போது நிமிர்ந்தே ஆக வேண்டும், நிமிர்ந்தால் தலை எழும்பும். முழங்காலை மடக்கித் தலையை முன்கூட்டியே அந்த உயரத்துக்கு இறக்கிவிட வேண்டும். பந்து தரையில் படும்போதே இறங்கி முடித்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடது கை. இதை யாரும் கவனிப்பதில்லை. ராக்கெட்டைப் பின்னால் எடுக்கும்போது இடது கை பக்கக் கோட்டுக்கு இணையாகப் போகாமல், மார்பின் குறுக்கே வலப்பக்கமாக நீண்டிருக்க வேண்டும், வலது பக்கக் கோட்டைக் காட்டுகிற மாதிரி. அது சீக்கிரம் கீழே தொங்கிவிட்டாலோ இடப்பக்கம் வீசப்பட்டாலோ இடது தோள் திறந்துவிடும், தோளோடு தாடையும் போய்விடும். இடது கையை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, அடித்து முடிக்கும்போது இடது தோளருகே ராக்கெட்டின் கழுத்தை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இப்படிப் பிடித்துக்கொண்டே ஆடினால், தலையைப் பற்றி ஒரு வார்த்தை நினைக்காமலேயே பாதிப் பிரச்சினை போய்விடும்.


செமிவெஸ்டர்ன்

எல்லோருக்கும் நன்றி. 240 ஃப்ரேமில் எடுத்துப் பார்த்தேன். ராக்கெட் ஃப்ரேமில் பட்ட பந்துகளில் தொப்பி விளிம்பு அடிபடுவதற்குச் சுமார் 15 ஃப்ரேம் முன்பே மேலே போகிறது. நன்றாக விழுந்தவற்றில் அப்படி இல்லை. முக்கியமாக ஒன்று: தாழ்வான பந்தில்தான் இது அதிகம். இடுப்பு உயரத்துக்கு மேலே வரும் பந்தில் அவ்வளவாக இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். தலையை இப்படி நிறுத்தி வைத்தால் அடுத்த பந்துக்குத் திரும்புவது தாமதம் ஆகாதா? பேக்ஹேண்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?


கிராஸ்கோர்ட்

தாழ்வான பந்தில்தான் அதிகம் என்றால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் சார். கண்ணாடி போட்டு ஆடுகிறீர்களா? அதில் கீழ்ப்பக்கம் படிப்பதற்கான பவர் இருக்கிறதா?


செமிவெஸ்டர்ன்

ஆமாம், ப்ரோக்ரஸிவ். ஆபீஸுக்குப் போடுவதையே போட்டுக்கொண்டு ஆடுகிறேன்.


கிராஸ்கோர்ட்

அதுதான் சார். ப்ரோக்ரஸிவ் கண்ணாடியின் மேல்பாதி தூரத்துக்கு, அடிப்பாகம் கையில் புத்தகம் வைத்துப் படிக்கும் தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு. தாழ்ந்த பந்து மூன்று நான்கு மீட்டர் எட்டத்தில் தரையில் பட்டு எழும்புகிறது. தலையை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் தாழ்த்தினால் அதைப் படிக்கும் பவர் வழியாகப் பார்க்கிறீர்கள், மங்கலாகத் தெரியும். தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் தாடையை நெஞ்சோடு சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். உடம்பு தன்னையறியாமல் கவிழ்க்கிறது. அங்கிருந்து வீசும்போது திரும்பி நிமிர்கிறது. உங்கள் 15 ஃப்ரேம் அதில்தான் போகிறது என்று நினைக்கிறேன். ஓரங்களில் உருவம் நெளிகிற குணமும் ப்ரோக்ரஸிவில் உண்டு. பக்கவாட்டில் பந்தைச் சந்திக்கும் ஆட்டத்துக்கு அது கெடுதல்.

ஆட்டத்துக்கு என்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். முழுக்கத் தூரத்துப் பவர் மட்டும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால் பட்டை. அடிக்கும் இடம் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, அந்த நொடியில் பந்தின் எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, படிக்கும் பவர் தேவைப்படாது. கண் பரிசோதிப்பவரிடம் "டென்னிஸுக்கு" என்று சொல்லியே கேளுங்கள். புதுக் கண்ணாடி போட்ட முதல் இரண்டு நாள் தூரக் கணிப்பு தப்பும், அந்த இரண்டு நாளும் மேட்ச் ஆட வேண்டாம்.


பேஸ்லைன் வாசி

கண்ணாடியை நான் யோசிக்கவே இல்லை. தாழ்ந்த பந்து என்றதும் முழங்கால் என்றுதான் எழுதியிருப்பேன். முதலில் கண்ணாடியை மாற்றிவிட்டு அதே வீடியோவைத் திரும்ப எடுங்கள். மிச்சம் இருப்பதற்குத்தான் முழங்கால்.

தாமதம் ஆகுமா என்ற கேள்விக்கு: ஆகாது. மணிக்கு 80 கிலோமீட்டரில் அடித்த பந்து நெட்டைத் தொடவே அரை வினாடிக்கு மேல் ஆகும். எதிராளியின் ராக்கெட்டுக்குப் போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல். நீங்கள் தலையை வைத்திருக்கப்போவது கால் வினாடி. அதற்குள் ஃபாலோ த்ரூ (அடித்த பின் ராக்கெட் தொடர்ந்து போவது) முடியப்போவதில்லை, முடியாமல் நீங்கள் ஓடவும் போவதில்லை. எதிராளி ராக்கெட்டை முன்னால் வீச ஆரம்பிக்கும்போது ஸ்பிளிட் ஸ்டெப் (இரண்டு காலையும் விரித்துச் சின்னக் குதி) போட்டால் போதும், அதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. சொல்லப்போனால், அடித்த பந்தைக் கண்ணால் பின்தொடர்ந்து ரசித்துக்கொண்டு நிற்பவர்தான் தாமதமாகிறார்.

விதிவிலக்கு உண்டு. பக்கக் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே அடிக்கும் பந்தில் தலை பயணத்தில்தான் இருக்கும். அங்கே மேலும் கீழும் குதிக்காமல் ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போனால் போதும், நின்று அடித்தது போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெட்டருகே வாலியில் (பந்து தரையில் படுமுன் அடிப்பதில்) இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதும் கால் வினாடி கிடைக்காது. அடிபடும் வரை நின்றால் சரி.


ஒத்தக்கை

பேக்ஹேண்ட் என் பங்கு.

ஒற்றைக் கை பேக்ஹேண்டில் தலை இன்னும் முக்கியம், ஆனால் தாடைக் கணக்கு வேறு. ஃபோர்ஹேண்டில் வலது தோள் தாடைக்கு வர வேண்டும் என்றார்கள். இங்கே ஆரம்பத்திலேயே தாடை வலது தோளின் மேல் இருக்கிறது. அடிக்கும்போது அந்தத் தோள் தாடையை விட்டு விலகிப் போகும். இடது தோள் தாடைக்கு வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். வந்தால் மார்பு நெட்டைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம், ராக்கெட் பந்தின் குறுக்கே வலப்பக்கம் இழுபட்டுவிடும். (இரட்டைக் கை பேக்ஹேண்டில் இது தலைகீழ். அங்கே இடது தோள் தாடையில் வந்து இடிக்கத்தான் வேண்டும். இரட்டைக் கைக்காரர் சொல்லும் அறிவுரையை ஒற்றைக் கைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டு கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.)

அடிபடும் நொடியில் தோள்கோடு இன்னும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதற்குக் காவல் இடது கை. ராக்கெட்டை விட்டதும் அது முன்னால் வரக் கூடாது, பின்னாலேயே நீள வேண்டும். வலது கை முன்னும் மேலும் போகப் போக இடது கை பின்னும் கீழுமாக. இரண்டு கையும் எதிரெதிராக விரியும்போது மார்பு திறக்காது, மார்பு திறக்காவிட்டால் தலையை இழுக்க ஆளில்லை. ஃபெடரரின் பேக்ஹேண்ட் படம் எதை எடுத்தாலும் பாருங்கள், பந்து கிளம்பிய பிறகும் முகம் அடித்த இடத்தைப் பார்த்தபடி இருக்கும், இடது கை பின்னால் விரிந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் 2011, 2014, 2015, 2016 என்று நான்கு தடவை சென்னை ஓபன் பட்டம் வாங்கிய வாவ்ரிங்காவின் பேக்ஹேண்டும் அப்படித்தான். அவ்வளவு வேகமாக அடித்தும் கழுத்து வெட்டுவதில்லை.

ஒரு பயிற்சி. இடது கையில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு பேக்ஹேண்ட் அடியுங்கள். ராக்கெட்டின் கழுத்தை விரல் நுனியால் மட்டும் தாங்கிக்கொள்ளலாம். வலது கை வீசும்போது அந்தப் பந்தைப் பின் வேலிப் பக்கம் நழுவ விடுங்கள். பந்து உங்களுக்குப் பின்னால் விழுந்தால் இடது கை சரியாகப் போயிருக்கிறது. பக்கத்திலோ முன்னாலோ விழுந்தால் தோள் திறந்துவிட்டது. கையால் போடும் பந்தில் 15 போதும், ராலியில் இதைச் செய்யாதீர்கள். நழுவிய பந்தில் கால் வைத்தால் கணுக்கால் போய்விடும். ஒவ்வொரு பந்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் அடுத்தது.

இன்னொன்று, சந்திக்கும் இடம். இங்கே முன்காலுக்கு முன்னால் ஓரடி என்பது சலுகையே இல்லாத விதி. பந்து தொடைக்கு நேராக வந்துவிட்டால் ஒற்றைக் கையால் தள்ள முடியாது, உடம்பு உதவிக்கு வந்து திறந்துகொள்ளும். அந்தப் பந்தில் டாப்ஸ்பின் முயற்சி செய்யாமல் ஸ்லைஸ் (மேலிருந்து கீழாக வெட்டி அடிப்பது) போட்டுவிடுங்கள்.


டிராப் ஷாட்

ஸ்ட்ரிங்கில் படுவதைப் பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "பார்" என்று சொன்னால் தலை நிற்கிறதே? பொய்யாக இருந்தாலும் வேலை செய்கிறதா இல்லையா?


பேஸ்லைன் வாசி

சிலருக்கு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் உற்றுப் பார்க்கச் சொன்னதும் கழுத்தை இறுக்கி, கிரிப்பையும் இறுக்கிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கேள்வி கேட்டவர் அந்த ரகம். அவருக்கு "பார்" என்பதற்குப் பதிலாக "தோள் தாடைக்கு" என்று சொன்னால் உடம்பு அசையும், தலை நிற்கும். கண்ணுக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தரையில் பட்டு எழும்பும்போது பந்தின் மேல் வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். அது கண்ணால் முடிகிற வேலை. கிரிப் இறுக்கம் பத்துக்கு நான்கு. அதற்கு மேலே போனால் கழுத்தும் கூடவே இறுகும்.


ஸ்லோமோ 240

வீடியோ எடுக்க முடியாத நாளில் செலவில்லாத வழி ஒன்று. நான்கு பந்தில் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்து, ஸ்ட்ரிங்கைத் துணியால் துடைத்துவிட்டு நான்கையும் அடியுங்கள். எங்கே பட்டது என்று ஸ்ட்ரிங்கில் வெள்ளைத் தடம் நிற்கும். நான்கும் நடுவில் ஒரு கையகலத்துக்குள் இருந்தால் சரி. கீழ்ப்பக்கமாகச் சிதறினால் ராக்கெட் பந்துக்கு மேலே போகிறது. நுனிப்பக்கம் இருந்தால் பந்து எட்டத்தில், கழுத்துப்பக்கம் இருந்தால் நெருக்கத்தில். பிந்தைய இரண்டும் தலை விவகாரம் இல்லை, கால் விவகாரம்.

பழைய ஸ்ட்ரிங்கை வெட்டிப் போடும் முன்பும் ஒரு நிமிடம் பாருங்கள். குறுக்கும் நெடுக்கும் உரசி அறுத்த பள்ளங்கள் எங்கே ஆழமாக இருக்கின்றனவோ அங்கேதான் இத்தனை நாளும் அடித்திருக்கிறீர்கள். ஸ்ட்ரிங் நடுவில் அறுந்தால் தேய்மானம். ஃப்ரேமை ஒட்டி அறுந்தால் பெரும்பாலும் மிஸ்ஹிட். செமிவெஸ்டர்ன் சார், கடைசியாக உங்களுடையது எங்கே அறுந்தது?


செமிவெஸ்டர்ன்

ஃப்ரேமிலிருந்து இரண்டு விரல் தள்ளி. கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை இடது கையால் ராக்கெட்டைப் பிடிக்கும் பயிற்சி மட்டும்.


கிராஸ்கோர்ட்

அதுவரை தாழ்ந்த பந்துக்கு ப்ரோக்ரஸிவ் போட்டபடியே இன்னும் ஒரு பிடி கூடுதலாக முழங்காலை மடக்குங்கள். கண் மட்டம் இறங்கினால் பந்து கண்ணாடியின் மேல்பாதிக்குள் வந்துவிடும்.